எஃப் 3-ஐ விற்கலாமா என்று கேட்ட நண்பனுக்கு

மதுரை

அன்புள்ள மாப்ளே,

நலம், நலமறிய ஆவல். கடிதம் வந்தது. ஊரே வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் பூ அனுப்பிக்கொண்டிருக்கும்போது நீ மட்டும் இன்லேண்ட் லெட்டரின் ஓரம் வரைக்கும் பொடி எழுத்தில் நிரப்பி அனுப்புகிறாய். தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இடது கண்ணை ஆடி கழியட்டும் என்று டாக்டர் தள்ளிப் போட்டிருக்கிறார். இப்போது வலது கண்ணுக்கு வெள்ளையெல்லாம் லேசாக நீலம் அடிக்கிறது. பல்பு வெளிச்சத்துக்கென்று செய்த டங்ஸ்டன் பிலிமைப் பட்டப்பகலில் போட்டு எடுத்தால் வருமே, அந்த மாதிரி. உன்னிடம் சொன்னால்தான் இது புரியும், வீட்டில் யாரிடமும் சொல்லிப் பிரயோசனமில்லை.

சரி, நீ கேட்ட விஷயம். பீரோவில் கிடக்கிற நிக்கான் எஃப் 3 பிலிம் கேமராவை யாரோ ஒரு சேகரிப்பாளர் நல்ல விலைக்குக் கேட்கிறார். விஸ்காம் படிக்கிற உன் அண்ணன் பேத்தியோ 'எனக்குக் கொடுங்க தாத்தா' என்று நச்சரிக்கிறாள். 'போனிலேயே இதைவிடப் படம் நன்றாக விழுகிறதே, அந்த இரும்புத் துண்டில் அப்படி என்னதான் இருக்கிறது?' என்று என்னைக் கேட்டிருக்கிறாய்.

போனில் படம் நன்றாகத்தான் விழுகிறது, மறுக்கவே மாட்டேன். கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் நாம் ஏஎஸ்ஏ 400 வேகத்து பிலிம் ரோலைப் போட்டுக்கொண்டு பட்ட பாடு இன்றைக்கு ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட இல்லை. 'பிலிமுக்கு ஆன்மா இருக்கிறது' என்று இப்போது சிலர் உருகுகிறார்கள். அந்தப் புள்ளியும் அந்த நிறமும் பிலிமின் குணம், கேமராவின் குணமில்லை. டிரை-எக்ஸ் என்கிற கறுப்பு வெள்ளை பிலிம் ரோல் ஒன்றைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை எஃப் 3-யிலும் மறுபாதியை ஏதாவது ஒரு சாதாரண பாடியிலும் அதே லென்ஸோடு ஓட்டினால், நெகட்டிவைப் பார்த்து எது எதில் எடுத்தது என்று உன்னாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அதனால் படத்தின் அழகைச் சொல்லி இந்தக் கேமராக்களுக்கு வக்காலத்து வாங்க நான் தயாரில்லை.

அவற்றின் மவுசுக்கு வேறு காரணம் இருக்கிறது. கேமரா நின்றால் பிழைப்பு நின்றுபோகும் என்ற நிலையில் இருந்தவனுக்காகச் செய்த சாமான் அது. 1959-இல் வந்த முதல் நிக்கான் எஃப்-ஐ எடுத்துக்கொள். மேலே இருக்கிற பிரிஸம் கழன்று வரும், ஃபோகஸ் பார்க்கிற திரை கழன்று வரும், பின்மூடி முழுசாகக் கையோடு வந்துவிடும். ஷட்டர் திரை டைட்டானியத் தகடு. கண் வைத்துப் பார்க்கிற ஃபைண்டரில் தெரிந்தது எதுவோ அதுதான் நெகட்டிவில், ஓரம் வெட்டுப்படாது. இதில் எதுவுமே அலங்காரமில்லை. எந்தப் பாகம் எப்போது காலை வாரினாலும் வேலை நிற்கக் கூடாது என்ற கவலைதான் எல்லாம். போர்முனைக்குப் போனவர்கள் அதை நம்பித் தோளில் மாட்டியது அதனால்தான். போர்ப் படங்களுக்குப் பேர்போன பிரிட்டிஷ் புகைப்படக்காரர் டான் மெக்கல்லினுக்கு வந்த துப்பாக்கிக் குண்டைக் கம்போடியாவில் ஒரு நிக்கான் எஃப் வாங்கிக்கொண்ட கதையை எல்லோரும் சொல்வார்கள். குண்டு தாங்குவதற்காக யாரும் கேமரா வாங்குவதில்லை என்பதால் எனக்கு அதில் பெரிய ஈடுபாடு கிடையாது.

எனக்குப் பிடித்த கதை உன் எஃப் 3-இன் கதைதான். 1980-இல் அது வந்தபோது பத்திரிகைக்காரர்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். அதற்கு முந்தின எஃப் 2 முழுக்க இயந்திரம். செல் தீர்ந்தால் வெளிச்சம் அளக்கிற மீட்டர்தான் படுக்கும், ஷட்டர் 1/2000 நொடி வரைக்கும் அதுபாட்டுக்கு ஓடும். எஃப் 3-இலோ ஷட்டர் நேரத்தைக் கணக்குப் பண்ணுவது மின்சுற்று. இரண்டு பட்டன் செல் செத்தால் கேமராவும் செத்தது என்றுதான் பேச்சு. வடிவம் வேறு இத்தாலிக்காரர் ஜோர்ஜெட்டோ ஜூஜாரோ போட்டது. கைப்பிடி ஓரம் ஓடுகிற அந்தச் சிவப்புக் கோடு அவர் கைவேலை. நம் ஊரில் ஓடிய மாட்டிஸ் காரும் அவர் நிறுவனத்து வடிவம்தான். கார் வரைகிறவனுக்குக் கேமராவில் என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு.

அந்தச் சந்தேகத்துக்கு நிக்கான் வாயால் பதில் சொல்லவில்லை, கேமராவிலேயே ஒரு பதிலை வைத்துவிட்டது. லென்ஸுக்குப் பக்கத்தில் முன்பக்கம் ஒரு சின்ன லீவர் இருக்கிறதே, மடக்கி வைத்திருப்பார்கள். செல் இல்லாவிட்டாலும் அதை இழுத்தால் 1/60-இல் ஷட்டர் விழும். ஒரே ஒரு வேகம்தான், ஆனாலும் படம் உண்டு. அந்த லீவரை நான் வேலை நேரத்தில் இழுக்க வேண்டி வந்ததே இல்லை. அது இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது. அந்த செல்லும் வாட்ச் கடையில் கிடைக்கிற சாதாரண எல்ஆர் 44 தான்.

மீட்டர் சமாசாரம் இன்னும் கெட்டிக்காரத்தனம். எஃப், எஃப் 2 இரண்டிலும் மீட்டர் மேலே மாட்டுகிற ஃபைண்டரில் இருந்தது. ஃபைண்டரை மாற்றினால் மீட்டரும் கூடவே போயிற்று. எஃப் 3-இல் அதைப் பாடிக்குள்ளேயே இறக்கிவிட்டார்கள். லென்ஸைக் கழற்றி உள்ளே இருக்கிற கண்ணாடியை உற்றுப் பார், நடுப்பகுதி மட்டும் கொஞ்சம் மங்கலாக இருக்கும். அங்கே கண்ணுக்குத் தெரியாத பொடித் துளைகள். அதன் வழியே கொஞ்சம் வெளிச்சம் போய், பின்னால் இருக்கிற குட்டிக் கண்ணாடியில் பட்டு, கீழே உட்கார்ந்திருக்கிற மீட்டருக்கு இறங்கும். 80 சதவீதக் கணக்கு நடுவில் இருக்கிற 12 மில்லிமீட்டர் வட்டத்துக்கு, மிச்ச 20 சுற்றுப்புறத்துக்கு.

இந்த வட்டத்தின் அருமை சித்திரைத் திருவிழாவில்தான் எனக்குத் தெரிந்தது. எண்பத்தேழு, எண்பத்தெட்டு வாக்கில் இருக்கும், பத்திரிகை ஆபீஸ் எஃப் 3-உம் என் 105 மில்லிமீட்டர் லென்ஸும் கையில். வைகையில் விடியாத இருட்டு. அழகர் தங்கக் குதிரையில் வருகிறார், தங்கம் முழுக்க விளக்கு வெளிச்சம் பட்டுத் தகதகவென்று. கீழே கறுப்பாகத் தலைகள். கருப்பசாமி வேஷம் கட்டினவர்கள் நாலு பக்கமும் தோப்பரை என்கிற தோல்பையில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். குதிரையை அளந்தால் கூட்டம் கரியாகும், கூட்டத்தை அளந்தால் குதிரை வெளுத்துப்போகும். குதிரைக்குக் கீழே விளக்கு வெளிச்சம் பட்டு நிற்கிற, சாமியைச் சுமக்கும் சீர்பாதங்களின் முகத்தில் வட்டத்தை வைத்தேன். அந்த அவசர லீவருக்கு நடுவில் ஒரு பட்டன் இருக்கும், அளவைப் பூட்டிவைக்க. நடுவிரலால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கேமராவை மேலே தூக்கிச் சொடுக்கினேன். கண்ணை ஃபைண்டரிலிருந்து எடுக்கவே இல்லை. தலையிலிருந்து கால் வரை நனைந்து ஆபீஸ் போய், துண்டால் கேமராவைத் துடைத்துவிட்டு ரோலைக் கழுவப் போட்டேன். முகமும் இருந்தது, குதிரையும் இருந்தது. கருவி கைக்கு அடங்கியது என்றால் அதுதான் மாப்ளே. எந்தப் பட்டன் எங்கே என்று விரலுக்குத் தெரியும், எந்த மெனுவையும் திறந்து தேட வேண்டியதில்லை.

1988-இல் எஃப் 4 வந்தது, 1996-இல் எஃப் 5 வந்தது, இரண்டும் தானே ஃபோகஸ் பண்ணுகிறவை. அப்போதும் எஃப் 3-ஐ நிறுத்தாமல் செய்துகொண்டே இருந்தார்கள், ஏறக்குறைய 20 வருஷம். விண்வெளி ஓடத்தில் நாசா கொண்டுபோனதும் இதன் ஒரு வகைதான். எல்லோரும் சந்தேகப்பட்ட பிள்ளைதான் குடும்பத்தில் அதிக நாள் வேலைக்குப் போனது.

குறையே இல்லை என்று சொல்வேன் என்று நினைக்காதே. பிளாஷ் விஷயத்தில் அது சுத்த மோசம், உனக்குத் தெரியாததா. பிளாஷ் மாட்டுகிற இடத்தை, ரோலைத் திரும்பச் சுற்றுகிற ரீவைண்ட் குமிழ் மேலே கொண்டுபோய் வைத்தார்கள், அதுவும் அவர்களுக்கென்று ஒரு தனி வடிவத்தில். வேறு பிளாஷ் மாட்ட ஒரு அடாப்டர் வேண்டும். ரோல் மாற்ற வேண்டுமென்றால் பிளாஷைக் கழற்ற வேண்டும். தாலி கட்டுகிற நேரத்தில் ரோல் தீர்ந்தால் சாமிதான் துணை. பிளாஷுக்கு ஒத்துப்போகிற வேகமும் 1/80 தான். அதே கம்பெனியின் எளிய எஃப்எம்2 இதில் எங்கேயோ போய்விட்டது. கல்யாணத்துக்கு யாஷிகாவையும் எஃப்எம்2-வையும் தூக்கிக்கொண்டு நீ போனது முழு நியாயம். ஃபைண்டருக்குள் விளக்கு எரிய வைக்க ஒரு சிவப்புப் பொத்தான் இருக்குமே, எறும்புத் தலை அளவில். அதை வைத்தவர் இருட்டில் ஒருநாளாவது அதை அமுக்கிப் பார்த்தாரா என்று எனக்கு இன்னும் கேள்விதான். பத்திரிகைக்காரர்களுக்கென்று பின்னால் எஃப் 3 பி என்று ஒன்று செய்தார்கள். பிளாஷ் செருகுமிடம் பிரிஸத்தின் தலையிலேயே, தண்ணீர் புகாமல் கூடுதல் அடைப்பு. திட்டினால் கேட்டார்கள், அதைச் சொல்ல வேண்டும்.

உன்னுடையது மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததுதானே. அதைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றைக்கு வெறும் கேமராவிலேயே பிலிம் நகர்த்துகிற லீவரை இழுத்து இழுத்துச் சொடுக்கிக்கொண்டிருந்தோம். ஒற்றை விரலில் வெண்ணெய் மாதிரி நகரும். ஆசைக்குப் போட்டுப் பார்த்ததெல்லாம் ஊட்டியில் செய்த 'இந்து' பிராண்ட் பிலிம் ரோல். 1960-இல் ஆரம்பித்த அந்த எச்பிஎஃப் (ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்) தொழிற்சாலையும் போய்விட்டது. கலருக்கு ஊரே மாறியபோது கறுப்பு வெள்ளையை வைத்துக்கொண்டு தடுமாறியது, அப்புறம் டிஜிட்டல் வந்து மிச்சத்தை முடித்தது. போனமுறை ஊட்டி போனபோது அந்தப் பக்கம் போக எனக்கு மனசில்லை.

இப்போதைய நிலவரத்தைச் சொல்கிறேன். நிக்கான் தன் கடைசி பிலிம் கேமராவான எஃப் 6-ஐ 2020-இல் நிறுத்திவிட்டது. லைக்கா என்னடாவென்றால் 1984-இல் முதலில் கொண்டுவந்த எம் 6 பிலிம் கேமராவை 2022-இல் திரும்பச் செய்ய ஆரம்பித்தது. நிக்கானும் சும்மா இல்லை, டிஜிட்டல் கேமராவுக்கு எஃப்எம்2 சட்டையைப் போட்டு இசட் எஃப் என்று 2023-இல் விற்றது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் உயிர் உள்ளே இருக்கிற சிப்பில் இருக்கிறது. சில வருஷத்தில் அதைவிட நல்ல சிப் வந்ததும் இதைப் பழசு என்பார்கள். உன் எஃப் 3-க்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் சிப் என்று பார்த்தால் பிலிம்தான், அது ரோலுக்கு ரோல் புதுசு. பழைய கேமராக்களை இன்றைய பிள்ளைகள் தேடி வாங்குவதில் பாதி ஃபேஷன், தெரியும். மீதிப் பாதி, முழுசாகச் செய்து முடித்த ஒரு சாமான் கையில் வேண்டும் என்கிற ஆசை என்று எனக்குப் படுகிறது.

அதனால் என் அபிப்ராயம், பேத்திக்குக் கொடு. சேகரிப்பாளர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைப்பார், ஷட்டர் ஓடாமல் ஓடாமல் இறுகிப்போகும். ஒன்று மட்டும் அவளிடம் முன்னாலேயே சொல்லிவிடு. கலர் ரோல் ஒன்று ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது, கழுவி ஸ்கேன் பண்ணுவது தனி. 36 படத்துக்கு அந்தக் காசு என்றால் சொடுக்குவதற்கு முன் தானாக யோசிப்பாள். எஃப் 3-இன் மின்சுற்று போனால் இன்னொரு எஃப் 3-ஐப் பிரித்துத்தான் பாகம் எடுக்க வேண்டும், அதையும் மறைக்காதே.

கொடுப்பதற்கு முன் நீ செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. முதலில் ரீவைண்ட் குமிழை மெதுவாகத் திருப்பிப் பார். கனமாக இழுத்தால் உள்ளே ரோல் இருக்கிறது, அவசரப்பட்டு மூடியைத் திறக்காதே. பழைய செல் உள்ளே இருந்தால் உடனே எடு, கசிந்திருந்தால் அந்தக் குழியைச் சுத்தம் பண்ண வேண்டும். பின்மூடி ஓரத்து ஸ்பாஞ்ச் இத்தனை வருஷத்தில் பிசுபிசுத்துத் தார் மாதிரி ஆகியிருக்கும், அதை மாற்றாமல் பிலிம் போட்டால் வெளிச்சம் புகுந்துவிடும். தோல் உறை பார்க்க ஜோர்தான், ஆனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு லென்ஸில் பூஞ்சை பிடிக்க வைப்பதே அதுதான், தூக்கிப் போடு. இறுக மூடுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை. முன்பக்கம் எச்பி என்று இருக்கிறதா என்றும் பார்த்து எழுது. இருந்தால், அந்த வகை ஃபைண்டரில் கண்ணை 25 மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலும் நாலு மூலையும் தெரியும். அவள் கண்ணாடி போடுகிறவள் என்று எழுதியிருந்தாயே, உதவும்.

பாடி அவளுக்கு, 50 லென்ஸும் அவளுக்கு. அந்த 105-ஐ மட்டும் சேர்த்துக் கொடுத்துவிடாதே, அது என்னுடையது. உன் மச்சினி கல்யாணத்துக்கென்று வாங்கிக்கொண்டு போனாய், அவள் மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது, லென்ஸ் இன்னும் வந்து சேரவில்லை. சித்திரைக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வா. தங்கச்சியையும் கூட்டி வா, மாடிப்படி ஏற வேண்டாம், கீழ் அறையைக் காலி பண்ணி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் கூட்டாளி