ஐஸ்லாந்தில் கார் எடுக்கும் சேகருக்கு

அன்புள்ள சேகர்,

மகளுக்கு வேலை கிடைத்த செய்தி படித்தோம், வீட்டில் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். இங்கே லண்டனில் மழை, மாடி ஒழுகுகிறது, சரிசெய்ய வருகிறேன் என்றவர் இன்னும் வந்தபாடில்லை.

சரி, வாடகைக் காருக்கு எந்தெந்தக் காப்பீடு எடுப்பது என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். ஐஸ்லாந்தில் மூன்றாம் நபர் காப்பீடு வாடகையிலேயே அடக்கம். வாடகை வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான மோதல் காப்பீடும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். ஆனால் சேதம் ஆனால் முதலில் ஒரு தொகை வரை உன் கையிலிருந்துதான் போகும். அது எவ்வளவு என்று பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள். அதைக் குறைக்கத்தான் கவுன்ட்டரில் கூடுதல் திட்டங்களை விற்பார்கள்.

ஜல்லிக்கான காப்பீட்டை யோசிக்காமல் எடு. தீவைச் சுற்றும் ஒன்றாம் எண் சாலை பெரும்பாலும் தார்ச்சாலைதான். அதை விட்டு உள்ளே திரும்பினால் ஜல்லிச் சாலைகள் நிறைய. எதிரே வரும் வண்டி ஒரு கல்லைத் தெறிக்கவிட்டால் கண்ணாடி போச்சு, அவன் நிற்கக்கூட மாட்டான்.

காற்றில் பறக்கும் மணல், எரிமலைச் சாம்பலுக்கான காப்பீடு எல்லோருக்கும் தேவையில்லை. தலைநகர் ரெய்க்யவிக் பக்கமே சுற்றுவதென்றால் நான் வாங்க மாட்டேன். நீங்கள் யோகுல்சார்லோன் பனிப்பாறை ஏரி வரை போகிறீர்களே, வழியில் வீக் ஊரைத் தாண்டினால் மிர்டால்சாண்டுர் என்ற கறுப்பு மணல்வெளி. பலத்த காற்றில் அந்த மணல் கிளம்பினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி பெயின்ட் போய்விடும். அதனால் எடுத்துவிடு. அப்படியும் வானிலைத் துறை ஆரஞ்சு எச்சரிக்கை விட்டால் அன்றைக்கு அறையிலேயே இருங்கள்.

நான் முதலில் படிப்பது எதற்கெல்லாம் பணம் தர மாட்டார்கள் என்ற பகுதியைத்தான். காற்று கதவைப் பிடுங்கி மடக்கிவிட்டால் பெரும்பாலான திட்டங்களில் ஒன்றும் கிடைக்காது. காற்றுக்கு முகம் காட்டி வண்டியை நிறுத்து, கதவைப் பிடித்துக்கொண்டே திற. பின்சீட்டுக்காரர்களுக்கும் சொல்லிவை. ஆற்றில் இறக்கி என்ஜினுக்குள் தண்ணீர் போனாலும் அதே கதைதான். எஃப் எண் போட்ட மலைச் சாலைகளுக்கு நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி கட்டாயம். உன் மச்சினன் "ஆற்றில் இறக்கிப் பார்ப்போம்" என்பான், சாவியைக் கொடுக்காதே! ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் காப்பீடே செல்லாது.

உன் கிரெடிட் கார்டில் வாடகைக் கார் காப்பீடு இருந்தால் விதிமுறைகளை எனக்கு அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன். திரும்பும் விமானம் லண்டன் வழியாகத்தானே?

அன்புடன்,
ரவி