பைரவர் முகம் வார்ப்பு அல்ல

ஐயா,

காத்மாண்டு இந்திர ஜாத்ரா திருவிழாப் படக்குறிப்பில் பைரவர் முகங்களைத் 'தங்க வார்ப்பு' என்று எழுதியிருந்தீர்கள். நேபாளத்தின் காத்மாண்டுப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த நேவார் இனக் கைவினைஞர்கள் இவற்றைப் பெரும்பாலும் செப்புத் தகட்டில் தட்டியே எடுக்கிறார்கள். தட்டத் தட்டச் செம்பு இறுகும். அவ்வப்போது பழுக்கக் காய்ச்சி இளக்காவிட்டால் மூக்கு, புருவ மேடுகளில் கீறல் விடும். மண்டையோட்டு மகுடம், பாம்பு போன்றவற்றைத் தனியே செய்து ஆணியறைவதும் உண்டு.

பொன்னைப் பாதரசத்தில் குழைத்துப் பூசி, தணலில் காட்டுவார்கள். பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும். பொன் மட்டும் செம்பைப் பற்றி நிற்கும். அந்த ஆவி கொடிய நஞ்சு. தூய செம்பையே தேர்வதற்கும் காரணம் உண்டு: ஈயம் கலந்த உலோகத்தில் பூச்சு திட்டுத் திட்டாகக் கறுக்கும்.

முக்கியமாக ஒன்று. வீட்டில் இத்தகைய முகம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து புளியோ பாலீஷோ போட்டுத் தேய்க்காதீர்கள். பூச்சு மிக மெல்லியது. முதலில் மூக்கு நுனியும் கோரைப்பல்லும் சிவந்து செம்பு தெரியும். பிறகு மீட்க வழியில்லை. உலர்ந்த மென்தூரிகை போதும். மடிப்புகளில் படிந்த குங்குமத்தைச் சுரண்டவே வேண்டாம், அது வழிபாட்டின் தடயம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்