மழை விடுமுறையை முந்தின நாள் இரவே சொல்லிவிடுங்கள்

சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர்களுக்கு, வேலைக்குப் போகும் பெற்றோர் எழுதும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ராத்திரி படுக்கும்போது ஒரே கேள்விதான்: நாளைக்கு ஸ்கூல் உண்டா, இல்லையா? விடுமுறை விடுங்கள் என்றோ விடாதீர்கள் என்றோ கேட்க நாங்கள் வரவில்லை. அது உங்கள் முடிவு. எத்தனை மணிக்குச் சொல்கிறீர்கள் என்பதுதான் எங்கள் பிரச்சினை.

காலை 7.10க்கு அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மணிப் பள்ளிக்கு வேன் 6.45க்கே தெருமுனைக்கு வந்துவிடும். அதற்காக 5 மணிக்கு அடுப்பு பற்றவைத்து, டிபனும் மதியச் சாப்பாடும் கட்டி முடித்தாயிற்று. 7.10க்கு வேன் பாதி வழியில். ஓட்டுநர் வண்டியைத் திருப்பி, ஏற்றிய பிள்ளைகளை ஒவ்வொரு வீடாக இறக்க வேண்டும். முதலில் ஏறிய பிள்ளையின் வீட்டில் அதற்குள் இரண்டு பேரும் கிளம்பிப் பூட்டு தொங்கும். ஓட்டுநர் போன் போடுவார். அம்மா ரெயின்கோட்டோடு ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருப்பார்; போன் பாலித்தீன் கவரில் சுற்றி சீட்டுக்கு அடியில் இருக்கும். எங்கே கேட்கும்? பிள்ளை வேனிலேயே உட்கார்ந்திருக்கும்.

இதே செய்தி முந்தின நாள் இரவு 8 மணிக்கு வந்திருந்தால் கதையே வேறு. பக்கத்து வீட்டு அக்காவிடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம், பாட்டியை வரவழைக்கலாம், யார் லீவு போடுவது என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பேசி முடிவெடுக்கலாம். காலை 7 மணிக்கு அந்த அக்காவே வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். லீவு விஷயமும் அப்படித்தான். பல இடங்களில் முந்தின நாளே சொன்னால் கேஷுவல் லீவு, ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் சொன்னால் சம்பளப் பிடித்தம். வீட்டிலிருந்தே வேலை என்பது ஐ.டி.காரர்களுக்குச் சரி. துணிக்கடை விற்பனையாளருக்கும் ஆஸ்பத்திரி செவிலியருக்கும் அது கிடையாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் காலை 6 மணி ஷிப்டுக்குப் போகிறவர் 5 மணிக்கெல்லாம் கம்பெனி பஸ்ஸில் இருப்பார். அவருக்கு விடியற்காலை அறிவிப்புகூடத் தாமதம்தான்.

முந்தின இரவே எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். முழுதாகத் தெரியாதுதான். ஆனால் 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை என்ற எச்சரிக்கைகளை வானிலை ஆய்வு மையம் பெரும்பாலும் முந்தின நாளே மாவட்ட வாரியாகக் கொடுத்துவிடுகிறது. ஆரஞ்சு எச்சரிக்கையோ அதைவிடக் கடுமையான சிவப்பு எச்சரிக்கையோ வந்துவிட்டால் இரவு முழுக்கக் காத்திருந்து என்ன ஆகப்போகிறது? 2024 அக்டோபர் 14 அன்று, மறுநாள் நான்கு மாவட்டங்களுக்கும் விடுமுறை என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். அந்த வாரம்தான் வெள்ளத்துக்குப் பயந்து கொண்டுபோய் நிறுத்திய கார்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசை கட்டி நின்றன. சிவப்பு எச்சரிக்கை இருந்த 16ஆம் தேதி எதிர்பார்த்த அளவு மழை இல்லை, கேலியும் கிளம்பியது. கேலி செய்கிறவர்கள் ஒரு நாள் செய்துவிட்டுப் போகட்டும். மழை வராத விடுமுறையைச் சமாளிக்க எங்களுக்குத் தெரியும். விடிந்த பிறகு வரும் விடுமுறையைத்தான் சமாளிக்க முடியவில்லை.

ஆகவே இரண்டே நேரங்கள் வைத்துக்கொள்ளுங்கள்: இரவு 8 மணி, தவறினால் காலை 5.30. அதற்குப் பிறகு எவ்வளவு கொட்டினாலும், புதிதாக ஆபத்து இருந்தாலொழிய, பள்ளி உண்டு. மழைக்குத் தாமதமாக வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தக் கூடாது. இன்னொன்று, விடுமுறை இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். “நாளை பள்ளிகள் வழக்கம்போல் இயங்கும்” என்ற ஒரு வரி இரவே வந்தால், ராத்திரியெல்லாம் போனை எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

அறிவிப்பில் தேதி, கிழமை, மாவட்டம், பள்ளிகளுக்கு மட்டுமா கல்லூரிகளுக்குமா, எந்த வகுப்பு வரை, வெளியிட்ட நேரம் ஆகியவை இருக்கட்டும். போன வருடத்துப் படத்தை யாராவது வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் தேதி இல்லாததால்தான் எல்லோரும் நம்புகிறார்கள். மாவட்ட எல்லை தனித் தலைவலி. பல்லாவரம் செங்கல்பட்டு மாவட்டம், அடுத்தாற்போல் வரும் ஆலந்தூர் சென்னை. வீடு ஒரு பக்கம், பள்ளி மறு பக்கம். எந்த ஆட்சியர் சொன்னதைக் கேட்பது? பள்ளி இருக்கும் மாவட்டம்தான் கணக்கு என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் எழுதுங்கள். முடிந்தால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் வெளியிடுங்கள். “தலைமை ஆசிரியரே முடிவு செய்யலாம்” என்று விடும் நாட்களில், அவருக்கும் அதே 5.30 மணிக் கெடு இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விடக் கெடுதல் நடுப்பகலில் பள்ளியை விடுவது. 2021 டிசம்பர் 30 அன்று, பெரிய முன்னறிவிப்பு இல்லாமல் பிற்பகலில் கொட்டிய மழையில் சென்னையின் சாலைகள் இரவு வரை ஸ்தம்பித்தன. அப்படி ஒரு நாளில் 12 மணிக்குப் பிள்ளைகளை அனுப்பினால், வேன் தண்ணீரில், பெற்றோர் டிராபிக்கில், பிள்ளை பூட்டிய வீட்டு வாசலில். வளாகத்தில் தண்ணீர் ஏறாதவரை, கூரையும் மின்சாரமும் சரியாக இருக்கும்வரை, வழக்கமான நேரம் வரைக்கும் உள்ளேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். அழைத்துப்போக யாரும் வராத பிள்ளைகளுக்கு மாலை 6 மணி வரை இரண்டு ஆசிரியர்களாவது இருக்கட்டும்.

சோற்றுக் கணக்கும் இதில் உண்டு. அரசுப் பள்ளியில் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைக்குக் காலை உணவும் மதிய உணவும் பள்ளியில்தான். தாமதமான அறிவிப்பு என்றால் அங்கே உப்புமாவும் சாம்பாரும் சமைத்தாகிவிடும், இங்கே வீட்டு வேலைக்குப் போகிற அம்மா எதுவும் செய்து வைக்காமலே கிளம்பியிருப்பார். இரவே தெரிந்தால் ஒரு உலை அரிசி கூடப் போட்டுவிட்டுப் போவார். சமைத்த பிறகு விடுமுறை விட நேர்ந்தால், பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போக அனுமதி கொடுங்கள்.

விட்ட நாளை ஈடுகட்டும் சனிக்கிழமையையும் வெள்ளிக்கிழமை மாலையில் சொல்லாதீர்கள். சனிக்கிழமையும் வேலைக்குப் போகிற வீடுகள் ஏராளம். ஒரு வாரம் முன்னால் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
வேலைக்குப் போகும் பெற்றோர்