பெயர் போடாமல் ஒரு நன்றி

ஆய்வு வேலையை முடித்துக்கொள்கிறேன் என்று சொன்னதிலிருந்து வாழ்த்துகள் வந்தபடி இருக்கின்றன, எல்லாருக்கும் பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும். ஆனால் நான் முதலில் நன்றி சொல்ல வேண்டியவர்கள் வாழ்த்து அனுப்பக்கூடியவர்கள் இல்லை. அவர்களின் பெயர் எனக்கே தெரியாது.

தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களிடையே எச்ஐவி தடுப்பு என்று கொழும்பில் ஆய்வுக்குப் போனால் வைரஸுக்கு முன்னால் குறுக்கே நிற்பது, ஆணோடு ஆண் உறவுகொள்வதைக் குற்றமாக்கிய 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை. வெள்ளவத்தையில் கடை, வீட்டில் மனைவி பிள்ளைகள் என்று இருக்கிற ஒருவர் முன்பின் தெரியாத என்னிடம் ஏன் வாய் திறக்க வேண்டும்? அதனால்தான் கூப்பன் முறை. வந்து பேசியவரிடம் இலக்கம் மட்டும் போட்ட மூன்று கூப்பன் கொடுப்போம், தான் நம்புகிற மூன்று பேரிடம் அவர் கொடுப்பார், அவர்கள் வந்தால் அவர்களுக்கும் மூன்று. கையெழுத்துக் கிடையாது, வாய்மொழிச் சம்மதம் போதும். இதற்காக ஆய்வுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவின் முன் மாலை முழுக்க வாதாடினீர்களே சேர், அன்று நீங்கள் விட்டுக்கொடுத்திருந்தால் ஒருத்தரும் வந்திருக்க மாட்டார்கள்.

பர்ஸில் வைத்தால் வீட்டில் பார்த்துவிடுவார்கள் என்று கூப்பனைச் சப்பாத்துக்குள் மடித்துக் கொண்டுவந்த கொட்டாஞ்சேனைத் தம்பி, வியர்வையில் அழிந்துபோன இலக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இருவருமாக வாசித்தோம். நீங்கள் அனுப்பிய ஆட்கள் அத்தனை பேரும் வந்தார்கள்.

காலி முகத்திடலிலும் கோட்டைப் பக்கமும் பையில் ஆணுறையோடு இரவிரவாக நடந்த தோழர்களே, பையைத் திறந்து காட்டு என்று மிரட்டு வாங்கியதெல்லாம் நீங்கள், கட்டுரையில் பெயர் போட்டுக்கொண்டது நான்! டி சேரம் பிளேஸ் பாலியல் நோய்க் கிளினிக்கில் ‘மகன் சாப்பிட்டியா’ என்று சிங்களத்தில் கேட்டுவிட்டே ஊசியைக் கையில் எடுக்கும் அந்த மிஸ்ஸுக்கும் நன்றி. பரிசோதனை இலவசம், இரகசியம் என்று நாங்கள் அச்சடித்த துண்டுப்பிரசுரங்களைவிட அந்த ஒரு கேள்விக்குத்தான் ஆள் திரும்பி வந்தது.

நான் தொடங்கிய காலத்தில் ஆணுறையைத் தவிர சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. 2010இல் ஐப்ரெக்ஸ் ஆய்வு, எச்ஐவி இல்லாதவர் தடுப்புக்காகத் தினமும் எடுக்கும் ஒரு மாத்திரை தொற்றை 44 சதவீதம் குறைக்கிறது என்றபோது ‘இவ்வளவுதானா’ என்றவர்கள் உண்டு. இரத்தத்தைப் பார்த்தால் பலர் மாத்திரையை ஒழுங்காக எடுக்கவேயில்லை, எடுத்தவர்களுக்குப் பாதுகாப்பு மிக அதிகம். அப்புறம் 2019இல் பார்ட்னர் 2 ஆய்வு: ஒருவருக்கு எச்ஐவி இருந்து சிகிச்சையில் வைரஸ் அடங்கிய கிட்டத்தட்ட 800 ஆண் இணைகளில், துணையிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுகூட இல்லை. அந்த வாரம் ஒருவர் போன் எடுத்து, “அப்ப என்னால அவனுக்கு ஒண்டும் வராதா டொக்டர்?” என்று கேட்டார். மருந்தை விடாமல் எடுத்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருக்கும்வரை வராது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு, சரி வைக்கிறேன், அவனுக்குச் சொல்ல வேணும் என்றார். எனக்குக் கிடைத்த எந்த விருதும் இதற்குக் கிட்டவும் வராது.

சொன்னபடி ஒலிப்பதிவுகளை அழித்தாயிற்று. என் போன் இலக்கம் மாறாது, முந்தி மாதிரியே எடுக்கலாம், பெயர் சொல்லத் தேவையில்லை.