ஆகஸ்ட் 17 முதல் 21 வரை: நிலவுக்கு ஒரு மாதிரிப் பயணம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆவணி பிறக்கிற வாரம் அது. முகூர்த்தம் வரும், சீர் வரும், பிள்ளைகளுக்கு இரண்டு நாள் லீவு கேட்டு நீங்களும் வருவீர்கள். இந்த ஆண்டு ஆகஸ்ட் 17 திங்கள் முதல் 21 வெள்ளி வரை மட்டும் லீவு கேட்காமல் இருந்தால் பெரிய உதவி. அந்த ஐந்து நாளும் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பாடமும் ஒரே வேலையைச் சுற்றி நடக்கப்போகிறது. நிலவுக்குப் போய் இறங்குவதாக வைத்துக்கொண்டு, அதற்கு வேண்டியதையெல்லாம் பிள்ளைகளே கணக்குப் போட்டு, எழுதி, செய்து பார்க்கப்போகிறார்கள். குழுவில் ஒருவர் வராவிட்டால் மற்றவர்களின் வேலையும் நின்றுவிடும்.

ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாள். 2023-இல் அன்று மாலை 6 மணி 4 நிமிடத்துக்குத்தான் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. இந்த முறை அது ஞாயிற்றுக்கிழமை என்பதால் முந்தின வாரத்தை எடுத்துக்கொண்டோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஓர் அம்மா எழுந்து, “ஏனுங்க டீச்சர், பத்தாவது படிக்கற புள்ளைங்களுக்கு இப்ப இதெல்லாம் வேணுங்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. காலாண்டுத் தேர்வு பக்கத்தில் இருக்கும்போது ஒரு வாரத்தை விளையாட்டில் விட எனக்கும் மனம் வராது.

பாடம் எதுவும் தள்ளிப்போகவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள். நிறை, எடை, ஈர்ப்பு எல்லாம் அதில் வருகிறது. கணிதத்தில் முக்கோணவியல் இருக்கிறது. தமிழில் கடிதமும் அறிக்கையும் இருக்கின்றன. ஆசிரியர்கள் உட்கார்ந்து அந்தப் பகுதிகளைத்தான் இந்த ஐந்து நாளுக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். படித்ததை உடனே ஒரு வேலையில் போட்டுப் பார்த்தால் அது தேர்விலும் கைகொடுக்கும் என்பது என் நம்பிக்கை. உடற்கல்வி ஆசிரியர் மட்டும், “என் பீரியடை மறுபடியும் கணக்குக்குக் கொடுத்துவிடாதீர்கள்” என்றார். கொடுக்கவில்லை. விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தசையும் எலும்பும் இளைக்காமல் இருக்கத் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். ஆகவே அவர் பீரியட் அவருக்கே.

இனி ஏற்பாட்டைச் சொல்கிறேன். பழைய ஓட்டுக் கட்டடம் விண்கலம். மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹைடெக் லேப் கட்டுப்பாட்டு அறை. ஓர் அறையிலிருந்து இன்னொன்றைப் பார்க்க முடியாது. பேச்சும் சீட்டும் மட்டும்தான் போகும், வரும். இந்த இரண்டு அறை முறை நாங்கள் கண்டுபிடித்ததல்ல. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய சற்று நேரத்தில் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அவர்களில் கிறிஸ்டா மெக்காலிஃப் பள்ளி ஆசிரியை. விண்ணிலிருந்து பாடம் நடத்துவதாக இருந்தது. இறந்தவர்களின் குடும்பத்தார் சிலை வைப்பதோடு நின்றுவிடாமல், பிள்ளைகள் கலத்திலும் கட்டுப்பாட்டு அறையிலும் உட்கார்ந்து மாதிரிப் பயணம் நடத்திக் கற்கும் மையங்களைத் தொடங்கினார்கள். முதல் மையம் 1988-இல் ஹூஸ்டனில் திறக்கப்பட்டது. அங்கே பெரிய செலவில் செய்வதை நாம் அட்டைப்பெட்டியும் பழைய மோட்டாரும் வைத்துச் செய்கிறோம்.

ஒன்பதாம் வகுப்பை வைத்து ஜூலையில் ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்தோம். கலத்துக்குள் ஒரு பையன் முன்னால் பேட்டரி, நான்கு வயர், இரண்டு சுவிட்ச், ஒரு சின்ன பல்பு. எப்படி இணைப்பது என்ற படம் கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெண்ணிடம். “அதை எடுத்து இதுல மாட்டு” என்றாள் அவள். “எதை எதுல?” என்றான் அவன். கொஞ்ச நேரம் இப்படியே போனது, சத்தமும் ஏறியது. அப்புறம் அவளே பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு தாளில் எண் போட்டு எழுத ஆரம்பித்தாள்: “1. சிவப்பு வயரின் ஒரு முனையை பேட்டரியின் கூட்டல் பக்கம் வை. 2. வைத்ததும் ‘வைத்தாயிற்று’ என்று சொல்.” பல்பு எரிந்தது. பின்னால் நின்றிருந்த தமிழ் ஐயா, “கட்டுரையில் பத்தி பிரிக்கச் சொன்னால் காதிலேயே விழாது, இதற்கு மட்டும் பிரிக்கிறாளே” என்றார். அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

வியாழக்கிழமை இதையே இன்னும் கடினமாக்குகிறோம். நிலவு சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் இருக்கிறது; சிக்னல் போய்ச் சேர ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேல் ஆகும். செவ்வாய்க் கோள் என்றால் கிட்ட இருக்கும்போது சுமார் 3 நிமிடம், எட்டப் போனால் 22 நிமிடம் வரை. ஒன்பதும் பத்தும் அன்று செவ்வாயில் இருப்பதாகக் கணக்கு. ஒவ்வொரு சீட்டையும் வாசலில் ஓர் ஆசிரியர் ஸ்டாப் வாட்ச் வைத்து 5 நிமிடம் பிடித்துவைப்பார். கேள்வியைச் சரியாகக் கேட்காவிட்டால் பத்து நிமிடம் வீண்.

அறிவியல் பகுதிக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. நிலவின் மேட்டு நிலங்களில் பெரும்பாலும் இருப்பது அனார்த்தசைட் என்ற வெளிர்நிறப் பாறை. அதே வகைப் பாறை நம் நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் கிடக்கிறது. நிலவில் ஓடப்போகும் வண்டியை முதலில் பூமியில் ஓட்டிப் பார்க்க இஸ்ரோவுக்கு நிலவு மண்ணைப் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வாங்குவதென்றால் விலை கட்டுபடியாகாது. கடைசியில் இந்தப் பாறையைத்தான் பொடித்துப் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். பிற்பாடு சந்திரயான்-3-இன் பிரக்யான் வண்டி நிலவின் தென்துருவப் பக்கம் இறங்கி மண்ணைச் சோதித்தபோதும் இதே பாறை வகையின் கலவைதான் தெரிந்தது. நம் பிள்ளைகள் செய்யப்போகும் மாதிரிப் பயணத்தை இஸ்ரோ முன்னாலேயே செய்திருக்கிறது, அதுவும் நம் ஊர்க் கல்லை வைத்து. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பாடப்புத்தகத்தில் பெட்டி கட்டிப் போட வேண்டிய செய்தி என்பேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெற்றோர் இரண்டு மூட்டை கல்பொடி தருவதாகச் சொல்லியிருக்கிறார். தட்டில் பரப்பிச் சரிவாக வைத்து, பிள்ளைகள் செய்த வண்டி எத்தனை டிகிரி வரை ஏறுகிறது, எங்கே சக்கரம் புதைகிறது என்று பார்ப்பார்கள். நிலவில் எடை ஆறில் ஒரு பங்குதானே? அதனால் 600 கிராம் வண்டியை ஒரு கப்பியில் கட்டி, மறுபக்கம் 500 கிராம் தொங்கவிடுவோம். மண்ணை அழுத்துவது மீதி 100 கிராம்தான். கல்தூசி மூச்சில் போகக்கூடாது, அதனால் அன்று எல்லாருக்கும் மாஸ்க் கட்டாயம்.

கணக்கில் அலகுகளுக்குத் தனியாக ஒரு பீரியட். வீட்டில் போர் ஆழம் அடியில், நிலம் ஏக்கரிலும் சென்ட்டிலும். புத்தகத்தில் மீட்டரும் ஹெக்டேரும். இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1999-இல் செவ்வாயருகே காணாமல்போன அமெரிக்க விண்கலமே சாட்சி. ஒரு தரப்பின் மென்பொருள் பவுண்டுக் கணக்கில் எண்களைக் கொடுக்க, இன்னொரு தரப்பு அதை நியூட்டன் கணக்கென்று எடுத்துக்கொண்டது. கலம் வேண்டியதைவிடத் தாழப் போய் அழிந்தது. ரிக் வண்டி வைத்திருக்கும் அப்பா யாராவது ஊரில் இருந்தால் அந்தப் பீரியடுக்கு வாருங்கள். ஆயிரம் அடி என்றால் எத்தனை குழாய் இறக்க வேண்டும் என்று உங்களைப் போல எங்களால் சொல்ல முடியாது.

புதன்கிழமை கோளாறு நாள். என்ன கோளாறு என்று இப்போது சொல்ல மாட்டேன், உங்கள் வாயிலிருந்து பிள்ளைகளுக்குப் போய்விடும். 1970-இல் நிலவுக்குக் கிளம்பிய அமெரிக்காவின் அப்போலோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்து, மூன்று பேர் விட்ட மூச்சே அவர்களுக்கு நஞ்சாகும் நிலை வந்தது. காற்றைச் சுத்தம் செய்ய இருந்த வடிகட்டி சதுரம், பொருத்த வேண்டிய இடம் வட்டம். கலத்தில் இருந்த பிளாஸ்டிக் பை, அட்டை, டேப், குழாய் இவற்றை மட்டும் வைத்துத் தரையில் ஒரு வழி கண்டுபிடித்து, அதை ரேடியோவில் ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மாதிரி ஏதோ ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்பு பச்சைப்பயறும் வெந்தயமும் முளைக்கவைத்துக் குறிப்பெடுக்கும். 2025-இல் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் முளைக்கவைத்ததும் இவற்றைத்தான். ஏழாம் வகுப்புக்குத் தண்ணீர்: செவ்வாய்க்கிழமை ஆளுக்கு 4 லிட்டர்தான் கணக்கு, குடிக்க, கழுவ எல்லாவற்றுக்கும். குடிக்கவோ கழிப்பறைக்கோ அதற்கு மேல் வேண்டுமென்றால் தடை கிடையாது, பயப்பட வேண்டாம். தாண்டினால் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை தரையிறக்கம். ஒவ்வொரு குழுவும் ஒரு முட்டையை உள்ளே வைத்து ஒரு கலம் செய்து மாடியிலிருந்து போடும். (நாமக்கல் மாவட்டத்தில் முட்டைக்கா பஞ்சம்?) இங்கேதான் உங்களிடம் கண்டிப்பாக ஒன்று கேட்கிறேன்: நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். கடையில் ரெடிமேட் மாடல் வாங்கவும் வேண்டாம், தெர்மாகோலும் வேண்டாம். பழைய பாட்டில், அட்டை, நூல், கிழிந்த துணி போதும். உடைந்தால் உடையட்டும். முட்டை உடைந்ததற்கு மார்க் குறையாது. ஏன் உடைந்தது, அடுத்த முறை எதை மாற்றுவோம் என்று எழுதாவிட்டால்தான் குறையும். சந்திரயான்-2-இன் லேண்டர் 2019-இல் நிலவில் மோதியது. இஸ்ரோ அதோடு நின்றுவிடவில்லை. சந்திரயான்-3-க்காக எதெது தவறலாம் என்று பட்டியல் போட்டார்கள். இறங்கும் இடத்தை அரை கிலோமீட்டர் சதுரத்திலிருந்து 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. என்று விரித்தார்கள். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தைத் தாங்கிய கால்களை 3 மீட்டர் தாங்கும்படி செய்தார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். இந்தத் திட்டங்களில் நம் பக்கத்துப் பிள்ளையும் உண்டு. சந்திரயான்-1-இன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிக்கு அருகே கோதவாடிக்காரர், அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்.

வெள்ளி மாலை 4 மணிக்குப் பெற்றோர் எல்லாரும் வரலாம். பிள்ளைகளே அறிக்கை படிப்பார்கள். அன்று பாதியைத் தாண்டிய நிலவு மாலையிலேயே மேலே இருக்கும், மேகம் இல்லாவிட்டால் 7 மணிக்குத் தொலைநோக்கியில் பார்க்கலாம். அதற்கு இருக்கும் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளை, வீட்டிலிருந்து யாராவது வந்து கூட்டிப்போக வேண்டும். யாரையும் தனியாக பஸ் ஏற்றிவிட மாட்டோம்.

ரிக்கோடு, லாரியோடு வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை: புதன் இரவுக்குள் உங்கள் பிள்ளைக்கு அரை நிமிடம் பேசி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அனுப்புங்கள். வியாழக்கிழமை ‘பூமியிலிருந்து வந்த செய்தி’யாக அதைப் போடுவோம். படிப்பைப் பற்றி மட்டும் திட்ட வேண்டாம், வகுப்பே கேட்கும்.

இத்துடன் இருக்கும் ஒப்புதல் சீட்டில் கையெழுத்துப் போட்டு ஆகஸ்ட் 12 புதனுக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பிள்ளைக்கு ஆஸ்துமா, தூசி ஒவ்வாமை இருந்தால் சீட்டின் பின்பக்கம் எழுதுங்கள். கல்பொடி வேலைக்குப் பதில் கட்டுப்பாட்டு அறையில் இடம் கொடுப்போம். கட்டணம் எதுவும் இல்லை. சந்தேகம் இருந்தால் மாலை 4 மணிக்கு மேல் என் அறைக்கு நேரில் வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்