எல்லாருமே போட்டாங்கன்னு எப்படி சார் எழுதுனீங்க?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன இதழ்ல பேஸ்பால் ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளிய தூக்கி அடிக்கிறது) சாதனைகள் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். "அந்தக் காலத்துல எல்லாருமே ஊக்கமருந்து போட்டுத்தான் ஆடுனாங்க, அதனால பாரி பாண்ட்ஸை மட்டும் குறை சொல்றது நியாயமில்ல"ன்னு அதுல ஒரு வரி. ஒரே சீசன்லயும் மொத்தத்துலயும் அதிக ஹோம் ரன் அடிச்சு, ஊக்கமருந்து சந்தேகத்துல மாட்டுனவரு பாண்ட்ஸ். மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

எல்லாருமேன்னா யாரு சார்? உங்களுக்குத் தெரியாததில்ல, 2003ல அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்ல பேரையும் சொல்ல மாட்டோம், தண்டனையும் கிடையாதுன்னு சொல்லி ஊக்கமருந்து டெஸ்ட் எடுத்தாங்க. மாட்டுனது நூத்துக்கு 5லேருந்து 7 பேரு. தப்பிச்சவங்களையும் சேர்த்து மூணு மடங்குன்னே வச்சுக்கங்க, அப்பவும் போடாதவங்கதான அதிகம்? உடம்ப கெடுத்துக்க மாட்டேன்னு இருந்து, சீசனுக்கு பத்து பதினஞ்சு ஹோம் ரன் அடிச்சு, அது பத்தாதுன்னு கான்ட்ராக்ட் போயி, மறுபடி கீழ்மட்ட மைனர் லீக்ல பஸ்ஸுல ஊர் ஊரா அலைஞ்சவன் பேரு எந்த ரெக்கார்டு புக்லயும் இருக்காது. "எல்லாருமே"ன்னு ஒத்த வார்த்தையில அவனையும் அந்தக் கணக்குல சேர்த்துட்டீங்களே.

ரோஜர் மாரிஸ் பத்தி ஒரு வார்த்தை கூட இல்லாததுதான் எனக்கு ரொம்ப வருத்தம். 1961ல ஒரே சீசன்ல 61 ஹோம் ரன் அடிச்சு, பழைய நட்சத்திரம் பேப் ரூத்தோட 60ஐ தாண்டுனாரு, அந்த வருஷம் டென்ஷன்ல மனுஷனுக்கு தலைமுடியே கொத்துக் கொத்தா கொட்டுச்சு. சீசன் 154 மேட்ச்லேருந்து 162 ஆயிடுச்சு, அந்த எட்டு மேட்ச்ச காரணம் காட்டி லீக் தலைமைப் பொறுப்புல இருந்த கமிஷனர் ஃபோர்ட் ஃப்ரிக் ரெண்டு சாதனையையும் தனித்தனியா போடணும்னாரு. 1991லதான் அத எடுத்தாங்க, மாரிஸ் 1985லயே செத்துப் போயிட்டாரு. ஒரு தப்பும் செய்யாதவருக்கு முப்பது வருஷம் தனி வரி, 2010ல தன் வாயாலேயே ஸ்டீராய்டு போட்டேன்னு ஒத்துக்கிட்ட மார்க் மெக்வயர் 1998ல அடிச்ச 70க்கு பக்கத்துல ஒரு புள்ளி கூட இல்ல. 1998லயே அவர் லாக்கர்ல ஆண்ட்ரோங்கிற தசை வளர்க்கிற மருந்து பாட்டில் இருந்தத ஒரு நிருபர் பாத்து எழுதினாரு, திட்டு வாங்குனது அந்த நிருபர்தான்!

இது இன்னைக்கு நேத்து கோவம் இல்ல சார். ஸ்டீராய்டு காலத்துல கமிஷனரா இருந்த பட் செலிக் 2017ல பேஸ்பாலோட புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம்ல நுழைஞ்சப்ப நீங்க பாராட்டி எழுதுனீங்க, 1994ல ஆட்டக்காரங்க பண்ணுன ஸ்ட்ரைக்ல வெறுத்துப் போன கூட்டத்த ஹோம் ரன் காட்டித் திரும்ப இழுத்ததும் செலிக் ஆளுங்கதான்னு அப்பவே நான் கடிதம் போட்டேன், அது வரவே இல்ல. பாண்ட்ஸ் வெளிய நிக்கிறாரு, கமிஷனரா இருந்து பாத்துக்கிட்டிருந்தவரு உள்ள. ஆரோன் ஜட்ஜ் 2022ல 62 அடிச்சப்பவும் ஒரு சின்ன பெட்டிச் செய்தியோட விட்டுட்டீங்க.

2007 ஆகஸ்ட் 7 அன்னைக்கு சான் பிரான்சிஸ்கோ மைதானத்துல நானும் இருந்தேன். பாண்ட்ஸ் தன் மொத்தக் கணக்குல 756வது ஹோம் ரன் அடிச்சு ஹாங்க் ஆரோனோட 755ஐ தாண்டுனதும், ஸ்கோர்போர்டுல ஆரோன் வந்து வாழ்த்து சொன்னாரு, வீடியோலதான், நேர்ல வரல. சுத்தி எல்லாரும் எந்திரிச்சு கத்துறாங்க, எனக்கு கை தட்டவே வரல. கறுப்பன் ரூத்த தாண்டுறதான்னு கொலை மிரட்டல் கடிதமா வந்து குவிய, அதுக்கு நடுவுல 1974ல ரூத்தோட மொத்தக் கணக்கான 714ஐ தாண்டி 715ஐ அடிச்ச மனுஷன் ஆரோன். 23 சீசன் ஆடி ஒரு சீசன்ல கூட 47க்கு மேல போகாம, கொஞ்சம் கொஞ்சமா சேர்த்தது அந்த 755.

என் பையன் இங்க ஹைஸ்கூல் டீம்ல ஆடுறான். அவன் பேக்ல சாக்ஸுக்கு அடியில லேபிள் இல்லாத ஒரு குட்டி பாட்டில் இருந்துச்சு, அவங்க அம்மாதான் எடுத்தா. ஜிம்ல ஒரு அண்ணன் குடுத்தாராம், இன்னும் ஊசி போடலையாம். ஏன்டா வாங்குனேன்னு கேட்டா, "எல்லாருந்தான்பா போடுறாங்க"ங்கிறான். அத கொண்டு போய் மருந்து அழிக்கிற பெட்டியில போட்டோம், ஜிம்மையும் நிறுத்தியாச்சு. அதே லீவுல தோள் ரெண்டும் புடைச்சு வந்து நின்ன இன்னொரு பையனுக்கு இவன் இடம் போயிடுச்சு. அவன் போட்டானான்னு எனக்குத் தெரியாது, ஆனா என் பையன் பெஞ்ச்ல உக்காந்திருக்கிறத நான் வாராவாரம் பாக்குறேன். இந்த நிலைமையில உங்க பத்திரிகை வீட்டுக்கு வருது, அவன் சொன்ன அதே வரியோட. நான் அவன்கிட்ட என்ன சார் சொல்ல?

பெருசா எதுவும் கேக்கல. கட்டுரையோட போட்ட, ஒரே சீசன்ல அதிக ஹோம் ரன் அடிச்சவங்க பட்டியல ஆறு வரியோட நிறுத்திட்டீங்க. 73, 70, 66, 65, 64, 63. ஆறையும் அடிச்சது பாண்ட்ஸ், மெக்வயர், சாமி சோசான்னு மூணே பேரு, அதுவும் 1998லேருந்து 2001க்குள்ள. அதுக்கு முன்னாடி 37 வருஷம் 61ஐ ஒருத்தராலயும் தாண்ட முடியல. அடுத்த இதழ்ல அந்தப் பட்டியல திரும்பப் போட்டு, கீழ ரெண்டே ரெண்டு வரி சேர்த்துடுங்க: ஆரோன் ஜட்ஜ், 62, 2022. ரோஜர் மாரிஸ், 61, 1961.

இப்படிக்கு,
பல வருஷ வாசகன்,
ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா