எதிர்வீட்டுப் பெண்ணை அழவைத்த பத்தி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

போன இதழின் பெண்கள் பக்கத்தில் ஆக்சிடோசின் பற்றி எழுதியிருந்தீர்கள். 'காதல் ஹார்மோன்' என்று தலைப்புப் போட்டதையும் கட்டிப்பிடித்தால் ஊறும் என்றதையும் விட்டுவிடுகிறேன். ஆனால் கடைசிப் பத்தியில், குழந்தையைப் பார்த்ததும் பாசம் பொங்காத தாய்க்கு இந்த ஹார்மோன் குறைவு, பால் வராததற்கும் அதுதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டு எங்கள் எதிர்வீட்டுப் பெண், பிரசவமாகி 12 நாள்தான் ஆகிறது, பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு "ஆன்ட்டி, அப்போ எனக்கு இவன் மேல பாசமே இல்லையா?" என்று கேட்டு அழுதாள்.

தங்களுக்குத் தெரியாததில்லை. பாலைச் சுரக்க வைப்பது புரோலாக்டின் என்ற வேறொரு ஹார்மோன். சுரந்த பாலை வெளியே தள்ளுவதுதான் ஆக்சிடோசின் வேலை. குழந்தை சப்பும்போது மூளைக்குச் செய்தி போய், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து அது இரத்தத்தில் இறங்கி, பால் பைகளைச் சுற்றியுள்ள தசைகளைச் சுருக்கும். வலியும் பயமும் அதைத் தடுக்கும். சுற்றி நாலு பேர் நின்று பேசினால் பயம் வராமல் என்ன செய்யும்? என் முதல் பிரசவத்தில் மூன்று நாள் பால் இறங்கவில்லை, 'கல்நெஞ்சுக்காரி' என்று என் காதுபடவே சொன்னார்கள். மூன்றாம் நாள் ராத்திரி பக்கத்துக் கட்டில் குழந்தை வீறிட்டு அழுதது, என் ரவிக்கை நனைந்துவிட்டது. யார் பெற்ற பிள்ளையோ அழுததற்கு என் உடம்பு பதில் சொன்னது. அதற்குப் பிறகுதான் நான் நர்ஸ் வேலைக்கே போனேன், 31 வருஷம் இந்த பெங்களூரில் பிரசவ வார்டில் நின்றேன்.

அந்த வார்டில் ஆக்சிடோசின் என்றால் உயிர். குழந்தை வெளியே வந்ததும் தாயின் தொடையில் அதை 10 யூனிட் ஊசியாகப் போடுவோம். போட்டபின் தொப்புளுக்குக் கீழே கை வைத்துப் பார்ப்போம், கருப்பை தேங்காய் மாதிரி இறுகியிருக்க வேண்டும், மெத்தென்று இருந்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும், இரத்தம் நிற்காது. ஒரு மே மாத ராத்திரி அப்படித்தான் ஆனது. ஆம்பூல்களை, அதாவது ஊசி மருந்துக் குப்பிகளை, ஃபிரிட்ஜில் வைக்காமல் பகல் முழுக்க ட்ராலியிலேயே விட்டிருந்தார்கள், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. ஓடிப்போய் மேல் மாடி ஃபிரிட்ஜிலிருந்து வேறு ஆம்பூல் கொண்டுவந்து போட்ட பிறகுதான் கருப்பை கைக்கு இறுகியது. அந்தப் பெண் பிழைத்தாள். மறுநாளே நிர்வாகத்துக்கு எழுதிக்கொடுத்தேன், பதில் வரவில்லை.

இதையெல்லாம் எழுத உங்கள் பக்கத்தில் இடமில்லை. 2018-இல் இந்த மருந்தைத் தனியார் கம்பெனிகள் நம் நாட்டு உபயோகத்துக்குத் தயாரிக்கக் கூடாது, இங்கே பெங்களூரில் உள்ள பொதுத்துறை நிறுவனம் ஒன்று மட்டும் தயாரித்தால் போதும் என்று மத்திய அரசு அறிவித்தபோது, தட்டுப்பாடு வந்தால் என்ன கதி என்று நாங்கள் தவித்தோம், டெல்லி உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை டிசம்பரில் ரத்து செய்த பிறகுதான் மூச்சு வந்தது. அந்த வருஷம் நீங்கள் போட்டது 'பாலில் விஷ ஊசி' என்ற பயமுறுத்தும் கட்டுரை. கறப்பதற்காக மாட்டுக்கு ஆக்சிடோசின் ஊசியைத் தினமும் குத்துவது கொடுமை, அதைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மருந்து புரத வகை, குடித்தால் வயிற்றிலேயே செரித்துவிடும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாமே? அப்போதும் எழுதினேன், நீங்கள் அச்சிடவில்லை. பெங்களூர் வாசகர்களின் கடிதம் உங்கள் கண்ணில் படுவதே இல்லையோ என்று எனக்கு நெடுநாள் வருத்தம். இதழும் எங்களுக்கு இரண்டு நாள் தாமதமாகத்தான் வருகிறது, அப்படியும் 22 வருஷமாக வாங்குகிறேன்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள்: பால் இறங்கத் தாமதமாவது தாயின் பாசத்தைக் காட்டாது, குழந்தையை அடிக்கடி மார்பில் போட்டுக்கொண்டு நர்ஸிடமோ டாக்டரிடமோ கேளுங்கள். அவ்வளவுதான். வந்ததும் எதிர்வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
அல்சூர், பெங்களூர்.